கம்பெனி மூழ்கினால் வரிசையில் கடைசி ஆள் நாம்தான்

பிராட்பேண்ட் கனெக்ஷனோ, ஆன்ட்டி வைரஸோ, பிள்ளைகளின் ஆன்லைன் கோச்சிங்கோ, எதற்குப் பணம் கட்டப் போனாலும் நம் வீடுகளில் தவறாமல் கேட்கும் கேள்வி ஒன்று உண்டு. "ஒரு வருஷத்துக்கு மொத்தமாகக் கட்டினால் எவ்வளவு குறையும்?" அந்த ஒரு வருஷமும் இந்தக் கம்பெனி இருக்குமா என்று யாரும் கேட்பதில்லை. கேட்டால் நல்ல காரியம் நடக்கும்போது அபசகுனமாகப் பேசுகிறான் என்பார்கள். இந்த மாதம் அந்த அபசகுனத்தைப் பற்றித்தான் எழுதப் போகிறேன்.

அதற்கு ஏர்செல்லைவிட நல்ல உதாரணம் நமக்குக் கிடைக்காது. தமிழ்நாட்டில் 1999-இல் சேவையைத் தொடங்கிய நிறுவனம். தொடங்கியவர் சி. சிவசங்கரன். 1980-களில் 'சிவா பிசி' என்ற பெயரில் மலிவு விலைக் கம்ப்யூட்டர் விற்றவர் இவர்தான் என்பது பழைய வாசகர்களுக்கு நினைவிருக்கும். 2006-இல் மலேசியாவின் மேக்சிஸ் நிறுவனம் 74 சதவீதப் பங்குகளை வாங்கியது. மாவட்டங்களில் 98420, சென்னையில் 98410 என்று தொடங்கும் எண்கள் நம்மில் பாதிப் பேரிடம் இருந்தன. கல்லூரி மாணவர்கள் 'பாக்கெட் இண்டர்நெட்' போட்டு மொபைலில் மெயில் பார்க்கப் பழகியது இந்த நெட்வொர்க்கில்தான். சென்னை சூப்பர் கிங்ஸ் சட்டையிலும் சென்னை ஓபன் டென்னிஸிலும் அதன் பெயர் இருந்தது. இந்தக் கம்பெனிக்கு ஒரு நாள் சிக்னல் இருக்காது என்று சொல்லியிருந்தால் யாராவது நம்பியிருப்பார்களா?

2018 பிப்ரவரி 21-ஆம் தேதி வாக்கில் தமிழகம் முழுக்க ஏர்செல் சிக்னல் விழுந்தது. டவர் கம்பெனிகளுக்குக் கட்டவேண்டிய பாக்கி தகராறாகி, டவர்கள் ஒவ்வொன்றாக அணைந்தன. மறுநாளே ஊருக்கு ஊர் ஏர்செல் ஷோரூம்கள் முன்னால் கூட்டம் கூடிவிட்டது. அந்த மாதக் கடைசியில் கம்பெனியே தன்னைத் திவால் நடைமுறையில் சேர்க்கும்படி தேசிய கம்பெனி சட்டத் தீர்ப்பாயத்தில் மனுப் போட்டது. அதற்கு முந்தைய மாதமே குஜராத், மகாராஷ்டிரா உட்பட ஆறு வட்டங்களில் சேவையை நிறுத்தியிருந்தார்கள். 'அது வடக்கே, நமக்கு ஒன்றும் ஆகாது' என்றுதான் இங்கே பலரும் இருந்தார்கள்.

அந்தச் சமயத்தை ஞாபகப்படுத்திப் பாருங்கள். மொபைல் எண்ணோடு ஆதாரை இணைக்க வேண்டும் என்று எல்லாக் கம்பெனிகளும் எஸ்.எம்.எஸ். அனுப்பிக்கொண்டிருந்த நேரம். பாங்க் ஓ.டி.பி. அந்த எண்ணுக்குத்தான் வரும். கேஸ் புக்கிங் அந்த எண்ணில். மெயில் பாஸ்வேர்டு மறந்தால் அந்த எண். சிக்னல் போனபோது போனது பேச்சு மட்டும் என்றால் யாரும் இவ்வளவு பதறியிருக்க மாட்டார்கள். பூந்தமல்லியிலிருந்து ஒரகடம் ஷிப்ட்டுக்குப் போகிற ஒருவருக்குச் சம்பளம் பாங்க் கணக்கில் வந்து விழும். அதை மொபைல் மூலம் எடுத்து வீட்டு வாடகை அனுப்ப ஓ.டி.பி. வேண்டும். பணம் அவருடையது, கணக்கு அவருடையது, சாவி மட்டும் செத்துப்போன சிம் கார்டில்.

எண்ணை மாற்றாமல் வேறு நெட்வொர்க்குக்கு மாறும் வசதி 2011 ஜனவரி 20 முதல் நாடு முழுக்க இருக்கிறதே என்பீர்கள். இருக்கிறது. PORT என்று டைப் செய்து ஒரு இடைவெளி விட்டு எண்ணைப் போட்டு 1900-க்கு அனுப்பினால் ஒரு கோடு வரும். அதைப் புதுக் கம்பெனிக் கடையில் கொடுக்க வேண்டும். ஆனால் எஸ்.எம்.எஸ். போவதற்கும் கோடு வருவதற்கும் பழைய நெட்வொர்க் உயிரோடு இருக்க வேண்டுமே! வீடு எரியும்போது வாசல் சாவி எரிகிற அறைக்குள் மாட்டிக்கொண்ட கதைதான். நெட்வொர்க் கொஞ்சம் கொஞ்சமாகத் திரும்ப வந்த இடங்களில் மொட்டை மாடிக்கும் தெருமுனைக்கும் போய் நின்று அந்த ஒரு எஸ்.எம்.எஸ்.ஸை அனுப்பினார்கள். தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய் தலையிட்டு, வாடிக்கையாளர்களுக்குக் கோடு கிடைக்கவும் ஏப்ரல் 15 வரை மாறிக்கொள்ளவும் வழி செய்யச் சொன்னது. எண் தப்பியது. சிம்மில் கிடந்த பேலன்ஸ்? போர்ட் செய்தால் பேலன்ஸ் கூடவே வராது என்பது விதி.

இத்தனைக்கும் லைசென்ஸ் நிபந்தனையில் எல்லாம் அழகாக எழுதியிருக்கிறது. சேவையை நிறுத்துவதென்றால் அரசுக்கு 60 நாளும் வாடிக்கையாளருக்கு 30 நாளும் முன்னதாகத் தெரிவிக்க வேண்டும். நிதானமாக யோசித்துக் கடையை மூடுகிறவனுக்கு எழுதிய விதி அது. பணமில்லாமல் விழுகிறவன் நோட்டீஸ் கொடுத்துவிட்டு விழுவதில்லை.

ஒழுங்காக மூட முடியாதா என்றால், முடியும். அதே காலத்தில் டாடா டொகோமோவும் மொபைல் தொழிலை விட்டு வெளியேறியது. 2017 அக்டோபரில் ஏர்டெல்லோடு ஒப்பந்தம் அறிவித்தார்கள், 2019 ஜூலையில் கைமாற்றம் முடிந்தது. இடைப்பட்ட நாட்களில் வாடிக்கையாளர் கையில் இருந்த சிம் பாட்டுக்கு வேலை செய்துகொண்டிருந்தது. வித்தியாசம் இதுதான்: டாடா குழுமத்திடம் நஷ்டத்தைத் தாங்கிக்கொண்டு வெளியேறப் பணம் இருந்தது. ஏர்செல்லுக்கோ, ரிலையன்ஸ் கம்யூனிகேஷன்ஸோடு சேரலாம் என்று 2016 செப்டம்பரில் அறிவித்த திட்டம் 2017 அக்டோபரில் முறிந்துபோனது. அதோடு கடைசிக் கதவும் மூடிக்கொண்டது. கடன் ஏறியதற்குக் காரணம் தேடி ரொம்ப தூரம் போகவேண்டாம். 2010 ஏலத்தில் 3ஜி அலைக்கற்றைக்கு மட்டும் சுமார் 6,500 கோடி ரூபாய் கொடுத்தார்கள். 2016 செப்டம்பரில் ஜியோ வந்து கட்டணத்தைத் தரையில் போட்டது. அவ்வளவுதான்.

ஊழியர்கள் பக்கம் வருவோம். ஏர்செல்லில் அப்போது சுமார் 5,000 பேர் வேலை பார்த்தார்கள். இந்தக் கணக்கில் வராதவர்கள் இன்னும் அதிகம். டிஸ்ட்ரிபியூட்டரிடம் வேலை பார்த்த லைன் பையன்கள், கால் சென்டரில் கான்ட்ராக்டில் இருந்தவர்கள், டவர் டீசல் போட்டவர்கள். அப்புறம் நம் தெருமுனை ரீசார்ஜ் கடைக்காரர். 'ஈசி போடுங்க' என்று நாம் 50 ரூபாய் நீட்டுகிறோமே, அந்த 50 ரூபாய் பேலன்ஸை அவர் முன்கூட்டியே பணம் கட்டி வாங்கி வைத்திருப்பார். கமிஷன் என்னவோ ரூபாய்க்குச் சில காசுகள்தான். நெட்வொர்க் விழுந்த அன்று அவர் மொபைலில் எவ்வளவு பேலன்ஸ் இருந்ததோ அது முழுக்க அவர் தலையில். வாடிக்கையாளர் திட்டுவதும் அவரைத்தான். ஷோரூம் கவுன்ட்டரில் உட்கார்ந்திருந்த பெண்ணைத் திட்டிய எத்தனை பேர் அடுத்த மாதச் சம்பளம் அவருக்கு வருமா என்று யோசித்திருப்பார்கள்?

கவுன்ட்டருக்கு இந்தப் பக்கம் நிற்பவரும் அந்தப் பக்கம் இருப்பவரும் ஒரே வரிசையில் நிற்கும் கடன்காரர்கள். கடன் வாங்கியவர்கள் என்ற பொருளில் சொல்லவில்லை, கடன் கொடுத்தவர்கள். முன்பணம் கட்டியவர் பணத்தைக் கடன் கொடுத்திருக்கிறார். மாதம் முழுக்க வேலை செய்துவிட்டு 1-ஆம் தேதிக்குக் காத்திருப்பவர் உழைப்பைக் கடன் கொடுத்திருக்கிறார். இதில் யாருக்கு முதலில் திரும்பக் கிடைக்கும் என்பதை 2016-ஆம் ஆண்டின் திவால் சட்டம் 53-ஆவது பிரிவில் வரிசை போட்டே சொல்லிவிட்டது. கம்பெனியைக் கலைத்து விற்றால் வரும் பணத்தில் முதலில் அந்த நடைமுறைக்கான செலவு. அடுத்து தொழிலாளர்களின் 24 மாதப் பாக்கியும் அடமானம் வைத்திருக்கும் பாங்குகளும் சம அந்தஸ்தில். அதற்கடுத்து தொழிலாளர் அல்லாத மற்ற ஊழியர்களின் 12 மாதச் சம்பளம். பிறகு அடமானம் இல்லாமல் கடன் கொடுத்த நிதி நிறுவனங்கள். பிறகு அரசாங்க வரி பாக்கி முதலியவை. இதெல்லாம் முடிந்து மிச்சம் இருந்தால் 'மற்ற கடன்கள்'. நீங்கள் கட்டிய வருஷச் சந்தா இங்கேதான் நிற்கிறது. உங்களுக்குப் பின்னால் பங்குதாரர்கள் மட்டும்தான். பெரும்பாலும் பாங்குகளுக்கே பாதி கூடத் தேறாது.

ஊழியர்களுக்கு ஒரு நல்ல விஷயம்: பி.எஃப்., கிராஜுவிட்டி நிதிகளில் இருக்கும் பணம் இந்த வரிசையில் சேராது, அதைக் கடன்காரர்கள் தொட முடியாது. ஆனால் கம்பெனி அந்தப் பணத்தை ஒழுங்காகக் கட்டி வந்ததா என்பது வேறு விஷயம். தனியார் கம்பெனியில் வேலை பார்க்கும் வாசகர்கள் மாதம் ஒரு முறை பி.எஃப். பாஸ்புக்கை ஆன்லைனில் பார்ப்பது நல்லது. தடுமாறும் கம்பெனி முதலில் கை வைக்கும் இடங்களில் அதுவும் ஒன்று.

'நுகர்வோர் கோர்ட்டுக்குப் போவேன்' என்பவர்களுக்கும் ஒரு செய்தி. தீர்ப்பாயம் திவால் மனுவை ஏற்றுக்கொண்ட நாளிலிருந்து அந்தக் கம்பெனி மீது எந்த வழக்கும் நடத்த முடியாது. 14-ஆவது பிரிவு தடை போட்டுவிடும். நியமிக்கப்படும் அதிகாரியிடம் படிவம் நிரப்பி உரிமை கோருவதுதான் ஒரே வழி. 300 ரூபாய் பேலன்ஸுக்கு யார் படிவம் நிரப்புவார்கள்? இப்படி 300, 300-ஆக விட்டுக்கொடுத்த லட்சக்கணக்கானவர்களின் பணம் எவ்வளவு என்று கூட்டிப் பார்த்தால்தான் விஷயத்தின் அளவு புரியும்.

சின்னக் கடைகளிலும் இதே கதைதான். பல வருஷங்களுக்கு முன் அம்பத்தூர் ஓ.டி. பக்கம் ஒரு கம்ப்யூட்டர் கடை இருந்தது. எங்கள் தெருவில் என் வீட்டையும் சேர்த்து நாலு வீட்டில் அங்கே அசெம்பிள் செய்த மெஷின்கள்தான். வருஷப் பராமரிப்புக்கும் முன்பணம் வாங்கியிருந்தார்கள். ஒரு திங்கட்கிழமை ஷட்டர் திறக்கவில்லை. போன் எடுக்கவில்லை. பக்கத்து டீக்கடையில் விசாரித்தால், இடத்துக்காரருக்கே நாலு மாத வாடகை பாக்கி என்றார்கள். பத்து நாள் கழித்து அந்தக் கடையில் சர்வீஸ் பார்த்த பையன் தன் பைக்கில் வந்து நின்றான். இரண்டு மாதச் சம்பளம் அவனுக்கும் வரவில்லை. "சார், ஏ.எம்.சி. பணம் எனக்குத் தெரியாது. ஆனா மதர்போர்டு வாரண்டி கடையோட போகாது" என்றான். அவன் சொன்னது உண்மை. மதர்போர்டு, ஹார்டு டிஸ்க், மானிட்டர் இவற்றுக்கெல்லாம் வாரண்டி தருவது தயாரித்த கம்பெனி. ஸ்டிக்கரில் உள்ள சீரியல் நம்பர், பில் இரண்டும் இருந்தால் சென்னையிலேயே உள்ள அந்தக் கம்பெனியின் சர்வீஸ் சென்டருக்கு நேராகப் போகலாம். அந்தத் தெருவில் கெட்டுப்போன ஒரு போர்டை அவனே கொண்டுபோய் மாற்றிக் கொடுத்தான், பெட்ரோலுக்கு மட்டும் பணம் வாங்கிக்கொண்டான். முதலாளியைப் பற்றி ஒரு வார்த்தை கெடுதலாகப் பேசவில்லை. எனக்குத்தான் கோபம் வந்தது. பில்லைப் பத்திரமாக வைத்திருங்கள் என்று இந்தப் பத்திரிகைகளில் ஆயிரம் தடவை எழுதியாயிற்று, அதனால் அதை மறுபடி சொல்லப் போவதில்லை.

சில சமயம் வாடிக்கையாளருக்கு ஒன்றுமே தெரியாமல் முழு அடியும் ஊழியர்கள் மீது விழுவதும் உண்டு. பூந்தமல்லி தாண்டி பெங்களூர் நெடுஞ்சாலையில் ஸ்ரீபெரும்புதூரில் நோக்கியா தொழிற்சாலை 2006-இல் உற்பத்தியைத் தொடங்கியது. உச்சத்தில் சுமார் 8,000 பேருக்கு நேரடி வேலை. பிளஸ் டூ, டிப்ளமோ முடித்த பெண்களைக் கம்பெனி பஸ்கள் ஷிப்டு ஷிப்டாக அள்ளிக்கொண்டு போகும். நோக்கியா திவாலாகவில்லை. தன் மொபைல் போன் தொழிலை மைக்ரோசாப்ட்டுக்கு விற்றது. ஆனால் வரி வழக்கில் சொத்துகள் முடங்கியதால் இந்தத் தொழிற்சாலை மட்டும் 2014 ஏப்ரலில் கைமாறவில்லை. 5,000-க்கும் மேற்பட்டவர்கள் விருப்ப ஓய்வு வாங்கிக்கொண்டு போனார்கள். இருபத்தைந்து வயதில் 'விருப்ப ஓய்வு'! அந்த வார்த்தையை யார் கண்டுபிடித்தார்களோ. 2014 நவம்பர் 1-ஆம் தேதி உற்பத்தி நின்றது. அடுத்த மாதமே பக்கத்தில் இருந்த ஃபாக்ஸ்கான் யூனிட்டும் நின்றது. நம் கையில் இருந்த நோக்கியா போனுக்கு ஒன்றும் ஆகவில்லை, அதனால் நம்மில் பலருக்கு அது பேப்பரில் வந்த ஒரு செய்தி. பிற்பாடு 2019-இல் சால்காம்ப் நிறுவனம் அந்த இடத்தை வாங்கியது, ஃபாக்ஸ்கான் ஐபோன் தயாரிக்கத் திரும்பி வந்தது. வேலைகள் வந்தன. 2014-இல் வீட்டுக்குப் போனவர்களுக்கு அதற்குள் ஐந்து வயது கூடியிருந்தது, லைனில் நிற்கப் புதிதாய்ப் பதினெட்டு வயதுப் பிள்ளைகள் வந்திருந்தார்கள்.

சரி, என்னதான் செய்யலாம் என்கிறீர்கள்? என் கருத்தை நேராகச் சொல்லிவிடுகிறேன். முன்பணம் வாங்கும் சேவைக் கம்பெனிகள் அந்தப் பணத்தைத் தனிக் கணக்கில் வைக்க வேண்டும். மாதம் முடிய முடிய அந்தந்த மாதப் பங்கை மட்டும் எடுத்துக்கொள்ளட்டும். இது ஏதோ புதுக் கனவு இல்லை. நம் மொபைல் வாலட்டில் 200 ரூபாய் போட்டால், வாலட் நடத்துவது பாங்க் இல்லாத கம்பெனியாக இருந்தால், அந்தப் பணத்தை ஒரு பாங்கில் எஸ்க்ரோ கணக்கில் வைக்க வேண்டும் என்று ரிசர்வ் வங்கி கட்டாயப்படுத்துகிறது. பாங்கே மூழ்கினாலும் டெபாசிட்டுக்கு 5 லட்சம் வரை காப்பீடு உண்டு, 2020 பிப்ரவரி வரை அது 1 லட்சமாக இருந்தது. ஆவடியில் பிளாட் புக் செய்தால், நீங்கள் கட்டும் பணத்தில் 70 சதவீதத்தைப் பில்டர் தனிக் கணக்கில் போட வேண்டும் என்று 2016-இல் வந்த ரெரா சட்டம் சொல்கிறது. 2018-இல் திவால் சட்டத்தையே திருத்தி வீடு வாங்குகிறவர்களைப் பாங்குகளுக்குச் சமமான கடன்தாரர் ஆக்கினார்கள். வீடு புக் செய்து ஏமாந்தவர்கள் கோர்ட் கோர்ட்டாக ஏறி இறங்கியதால் கிடைத்தது அது. 200 ரூபாய் வாலட்டுக்கு உள்ள பாதுகாப்பு 3,000 ரூபாய் வருஷ ரீசார்ஜுக்கும், 40,000 ரூபாய் ஆன்லைன் கோர்ஸுக்கும் ஏன் இல்லை?

கம்பெனிகள் சொல்லும் பதில் தெரியும். முன்பணத்தை வைத்துத்தான் தொழில் நடக்கிறது, அதைப் பூட்டி வைத்தால் தள்ளுபடி தர முடியாது என்பார்கள். நியாயமான பதில்தான். அப்படியானால் அந்தத் தள்ளுபடி என்பது நாம் கொடுக்கும் கடனுக்கான வட்டி. வட்டி என்றே போட்டு, 'இந்தப் பணத்துக்கு எந்த உத்தரவாதமும் இல்லை' என்று பில்லில் ஒரு வரி அச்சடித்துக் கொடுக்கட்டும். வருஷச் சந்தாவைப் பார்க்கும் பார்வையே மாறிவிடும்.

ஆன்லைன் படிப்பில் இன்னொரு சிக்கல் கூடவே வரும். பணத்தைக் கோர்ஸ் கம்பெனி நேராக வாங்காது, ஒரு பைனான்ஸ் கம்பெனி மூலம் லோன் போட்டுக் கொடுக்கும். பைஜூஸ் நிறுவனத்தின் மீது 2024 ஜூலையில் திவால் நடவடிக்கை தொடங்கியபோது இந்த வகை லோன்கள் பற்றி மறுபடியும் பேச்சு வந்தது. பைனான்ஸ் கம்பெனி கோர்ஸ் கம்பெனிக்கு மொத்தமாகக் கொடுத்துவிட்டது. உங்கள் ஒப்பந்தம் பைனான்ஸ் கம்பெனியோடு. கம்பெனி மூழ்கினாலும் இ.எம்.ஐ. மூழ்காது.

சட்டம் மாறும் வரை நாம் செய்யக்கூடியது கொஞ்சம்தான், ஆனால் இருக்கிறது. மொபைல் எண்ணைப் பொறுத்தவரை 2019 டிசம்பர் 16-இல் வந்த புது விதியில் போர்ட் கோடை உருவாக்குவது பழைய கம்பெனி இல்லை, அதற்கென்று உள்ள தனி நிறுவனம். நல்ல மாற்றம். ஆனாலும் 1900-க்கு எஸ்.எம்.எஸ். அனுப்பப் பழைய சிம்மில் சிக்னல் வேண்டும், கோடு பெரும்பாலான இடங்களில் நாலு நாள்தான் செல்லும். ஆகவே உங்கள் கம்பெனி பக்கத்து மாநிலத்தில் கடையை மூடுகிறது, டவர் பாக்கி என்று செய்தி வந்தால் அன்றைக்கே மாறிவிடுங்கள், பேலன்ஸ் தீரட்டும் என்று காத்திருக்காதீர்கள். பாங்க், மெயில் இரண்டுக்கும் மாற்று எண் அல்லது மாற்று மெயில் முகவரி கொடுத்து வையுங்கள். பிராட்பேண்ட் கம்பெனி இலவசமாகத் தரும் மெயில் முகவரியைப் பாங்குக்கும் பள்ளிக்கும் கொடுக்காதீர்கள். டிஷ்நெட்டின் இண்டர்நெட் தொழில் 2004-இல் வி.எஸ்.என்.எல்.-க்குப் போனது, அதற்குப் பின் வி.எஸ்.என்.எல்.-லும் பெயர் மாறிப்போனது. இணைப்புத் தருகிறவனின் பெயர் நிலையாக இருக்கும் என்று எண்ணி முகவரி வைத்துக்கொள்ள முடியாது.

கேமரா, வாட்ச் போன்றவற்றில், சர்வர் இல்லாமல் அது எவ்வளவு வேலை செய்யும் என்று கடையிலேயே கேளுங்கள். பெப்பிள் ஸ்மார்ட் வாட்ச் கம்பெனியை 2016 டிசம்பரில் ஃபிட்பிட் வாங்கியது, 2018 ஜூனில் சர்வரை நிறுத்தியது. அந்த வாட்ச்சைப் பயன்படுத்தியவர்களே கூடி மாற்று சர்வர் ஒன்றைத் தொடங்கியதால் அது பிழைத்தது. எல்லாப் பொருளுக்கும் அப்படிக் கூட்டம் சேராது. மெமரி கார்டில் பதிவு செய்யும் கேமரா ஒரு 500 ரூபாய் அதிகமானாலும் பரவாயில்லை என்பேன்.

நீங்கள் பணம் கட்டிய கம்பெனி திவால் நடைமுறைக்குப் போய்விட்டதா என்று சந்தேகமிருந்தால், திவால் வாரியத்தின் வெப்சைட்டான ஐ.பி.பி.ஐ.-யில் பொது அறிவிப்புகள் என்ற பகுதியில் கம்பெனி பெயரைப் போட்டுத் தேடுங்கள். அறிவிப்பில் அதிகாரியின் மெயில் முகவரியும் கடைசித் தேதியும் இருக்கும். பொருளுக்கோ சேவைக்கோ முன்பணம் கட்டியவர்களும் 'செயல்பாட்டுக் கடன்' கொடுத்தவர்களாக உரிமை கோரலாம் என்று 2022 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொல்லியிருக்கிறது. அந்த வகைக்கு 'பி' படிவம், ஊழியர்களுக்கு 'டி' படிவம். வக்கீல் தேவையில்லை, ரசீதை ஸ்கேன் செய்து மெயிலில் அனுப்பினால் போதும். அங்கே வேலை பார்த்து இப்போது வீட்டில் இருக்கும் பையனோ பெண்ணோ உங்கள் தெருவில் இருந்தால் அவர்களுக்கும் இந்தத் தேதியைச் சொல்லுங்கள்.